சோப்பு டப்பாவில் முளைத்த சீட்டு

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வீட்டுக் காரில் ஐந்தாவது சீட்டு முளைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். அவர் மனைவி உண்டாகியிருப்பதை டாக்டர் சொன்னது அதற்குச் சில வாரங்கள் கழித்துத்தான். முதலில் பின்சீட்டின் நடுவே மெத்தை லேசாக எழும்பியிருந்தது, எறும்பு கடித்த இடம் மாதிரி. மழைக்காலம் முடிவதற்குள் சாய்மானம் வந்து, உறை வந்து, மற்ற சீட்டுகளின் பழுப்பு ரெக்சினில் ஓடிய அதே கோணல் தையலும் வந்து சேர்ந்தது. கடைக்காரர் இதைப் பக்கத்துக் கடை மருந்துக்காரரிடம் சொன்னார். மருந்துக்காரர் மாத்திரை எண்ணுவதை நிறுத்தாமலே, "எங்க வண்டியில ரெண்டு வந்திருக்கு. டயருக்குக் காத்து மட்டும் கொஞ்சம் கூட அடிச்சுக்குங்க" என்றார். பேச்சு அத்தோடு முடிந்து, இருவரும் அவரவர் வியாபாரத்தைப் பார்க்கப் போனார்கள்.

அந்தக் கார் கம்பெனிக்கு நீளமான, மரியாதையான ஒரு பெயர் இருந்தது. அதை முழுசாகச் சொன்னவர்கள் கம்பெனி வாசலில் நின்ற காவலாளிகள் மட்டுமே. நான்கு மூலையும் உருண்டு, இடுப்பில் ஒரு கோடு ஓடி, மேலே மூடி கவிழ்த்தது போல இருந்ததால், முதல் வண்டி தெருவில் இறங்கிய அன்றே அதற்குச் சோப்பு டப்பா என்று பெயர் விழுந்துவிட்டது. கம்பெனிக்காரர்கள் சில வருஷம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு விளம்பரத்திலேயே அப்படிப் போட்டுக்கொண்டார்கள். கம்பெனியை ஆரம்பித்தவர் அதற்கு முன்னால் இரும்பு மடக்கு நாற்காலி செய்து விற்றவர். பெரிய முதலாளி ஆன பிறகும் ஊர் அவரை நாற்காலிக்காரர் என்றே சொன்னது. பஸ்ஸில் யாராவது நின்றுகொண்டு போவதைப் பார்த்தால் அவருக்குக் கால் வலிக்கும். பேச்சுக்குச் சொல்வதல்ல, கணுக்கால் வீங்கும். வீட்டுக்குப் போய் வெந்நீரில் கால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வைத்தியம் பலிக்காமல்தான் அவர் கார் செய்ய இறங்கினார். மோட்டார் சைக்கிள் வாங்கப் போனவர் மனசு மாறி வாங்கிவிடக்கூடிய கார்தான் அவருக்கு வேண்டியிருந்தது. அதனால் கடிகாரத்தை எடுத்தார், ஒரு வைப்பரை எடுத்தார், பக்கத்துக் கண்ணாடியில் ஒன்றை எடுத்தார், ரேடியோ இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பள்ளத்தை விட்டார். இன்ஜினியர்கள் சீட்டு மெத்தையிலும் கொஞ்சம் குறைக்கலாம் என்றபோது மட்டும் எழுந்து நின்றுவிட்டார். "உட்கார்ற இடத்துல கை வைக்காதீங்கப்பா" என்றார். அதற்கு மேல் அவர் எதையும் விளக்கியதில்லை. சீட்டு வளர்வதைப் பற்றிப் பின்னாளில் நிருபர்கள் கேட்டபோதும், வீட்டில் ஆள் கூடினால் நாற்காலி கூடத்தான் செய்யும் என்றார்.

வாங்கியவர்களின் அபிப்பிராயம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தது. ஹாரன், சளி பிடித்த வாத்து கூப்பிடுவது போல இருக்கும். மேட்டில் ஏறும்போது ஓட்டுபவர் தன்னை அறியாமல் முன்னால் சாய்ந்து வண்டிக்கு ஒத்தாசை செய்வார். ரிவர்ஸ் கியர் கெஞ்சினால் விழும், மிரட்டினால் விழாது. ஆனால் பெட்ரோலை மோந்து பார்த்தே ஓடும், வழியில் நின்றாலும் ஹேர்பின் இருந்தால் சரி செய்துவிடலாம். வளரும் சீட்டைப் பற்றி யாரும் தனியாகப் பேசவில்லை. கேட்டால், "இடவசதி பரவாயில்ல" என்பார்கள். வெளியே டேப் வைத்து அளந்தால் எப்போதும் அதே நீளம், அதே அகலம். உள்ளேதான் இருக்கிறவர்களுக்கு ஏற்ப இருக்கும். தனிக்கட்டையாக இருந்த ஒரு வங்கி குமாஸ்தா, முன் சீட்டு தானாகவே அகலமாகி இருவர் உட்காரத் தோதாக ஆனதைப் பார்த்துவிட்டு, வெகுநாளாகத் தள்ளிப்போட்டிருந்த ஒரு கேள்வியை நூலகத்தில் வேலை பார்த்த பெண்ணிடம் போய்க் கேட்டார். அவளும் வெளியே வந்து வண்டியை எட்டிப் பார்த்துவிட்டுச் சரி என்றாள்.

கண்ணாடிக் கடைக்காரர் வண்டி வாங்கியபோது வீட்டில் நான்கு பேர்: அவர், கணக்கு டீச்சரான மனைவி, ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற மாமனார், கல்யாணமாகாத தங்கை. கல்யாணத்துக்கு முன்னால் கூப்பிட்ட பழக்கத்தில் அவர் மனைவியை டீச்சர் என்றே கூப்பிடுவார். மாமனாருக்கு வண்டி பிடிக்கவே இல்லை. தண்டவாளத்தில் ஓடாத எதையும் அவர் வாகனம் என்று ஒப்புக்கொண்டதில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் முன்னால் போய் ஏறி உட்கார்ந்து, தாமதம், தாமதம் என்று முனகிக்கொண்டிருப்பார். ஐந்தாவது சீட்டுக்கு மகள் வந்தாள். அவளை எல்லோரும் பாப்பா என்றார்கள். பள்ளிக்கூடம், பல் டாக்டர், நீச்சல் குளம், பரீட்சை மையம் என்று அவள் குழந்தைப் பருவம் பூராவும் அந்தச் சீட்டில் கழிந்தது. ரெக்சினில் அவள் ஒட்டிய பொம்மை ஸ்டிக்கரை எடுக்க முடியவில்லை. மாமனார் தூக்கத்தில் காலமானபோது அவர் சீட்டு உடனே போய்விடவில்லை. ஓரம் சுருக்கம் விழுந்து, மெல்ல ஒடுங்கி, வருஷம் திரும்புகையில் ஒரு தலையணை அளவுக்கு வந்து அப்படியே நின்றுவிட்டது. எல்லார் வண்டியிலும் அப்படித்தான் நடக்கும். அந்தத் தலையணைமேல் யாரும் பை வைக்க மாட்டார்கள்.

பாப்பா படித்து முடித்ததும் கடையில் உட்காருவாள் என்று கடைக்காரர் நினைத்திருந்தார். அவளோ துறைமுக ஊரில் வேலைக்குப் போய், அக்கரைக்குப் போகும் படகில் இன்ஜின் பார்க்கிற ஒருவனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்று வந்து நின்றாள். கடைக்காரர் சாதுவான மனிதர். ஜனங்கள் கண்ணுக்குள் பார்த்துப் பார்த்துப் பொறுமை பழகியவர். அன்றைக்கு என்ன ஆயிற்றோ, கையிலிருந்த காப்பி டம்ளரைத் தட்டென்று வைத்தார்.

"தண்ணியில மிதக்கிறவனை நம்பிப் போறியா? போ. போனா அப்படியே போயிரு."

"சரிப்பா. நீங்களா கூப்பிடாம வரமாட்டேன்" என்றாள் பாப்பா. அவளுக்கும் அவருடைய மூக்கு, அவருடைய பிடிவாதம். டீச்சர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். வகுப்பில் எத்தனையோ பையன்களை ஒரு பார்வையில் உட்கார வைத்தவளுக்கு, அந்த அறையில் இருந்த இருவரை ஒன்றும் செய்ய முடியவில்லை.

மறு வாரம் கடைக்காரர் ஸ்பேனர் எடுத்துக்கொண்டு போய்ப் பாப்பாவின் சீட்டைக் கழற்றி மாடிப்படிக்கு அடியில் போட்டார். காலையில் அது வண்டிக்குள் இருந்தது, ஸ்டிக்கரோடு. மறுபடி கழற்றினார், மறுபடி வந்தது. கம்பெனி சர்வீஸ் நிலையத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார். அங்கே பொறுப்பில் இருந்த அம்மாள் கதவைத் திறந்து பார்த்து, சீட்டை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினாள்.

"நல்லா உறுதியா இருக்கே சார். இதுல என்ன கம்ப்ளெயிண்ட்?"

"வேண்டாம்னு சொல்றேன். எடுத்துடுங்க."

"நாங்க போட்ட சீட்டுன்னா எடுத்துத் தர்றோம். இது உங்க வீட்ல போட்டது" என்று சொல்லிவிட்டு, வந்ததற்காக வைப்பரை மாற்றிக் கொடுத்து அனுப்பினாள்.

அந்த வருஷங்களில்தான் கம்பெனிக்கும் காலம் சரியில்லாமல் போனது. பெரிய குடும்பத்துக்குப் பெரிய வண்டி என்று மற்ற கம்பெனிகள் புதிது புதிதாக விற்றன. சோப்பு டப்பா வைத்திருந்தவர்களுக்கு மட்டும் அடுத்த வண்டி வாங்க அவசியமே வரவில்லை. நாற்காலிக்காரர் படுத்த படுக்கையானதும் நிர்வாகத்துக்கு வந்தவர்கள், குளிர்சாதனமும் கடிகாரமும் இரண்டு வைப்பரும் வைத்து உயர்ரக மாடல் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பார்க்க லட்சணமாக இருந்தது. அதில் ஒரு சீட்டும் வளரவில்லை. வாங்கியவர்கள் குழந்தை பிறந்ததும் திருப்பிக் கொடுக்க வந்தார்கள். தொழிற்சாலையை மூடிய நாளில் நாற்காலிக்காரர் தன்னுடைய பழைய சோப்பு டப்பாவை வாசலில் கொண்டுவந்து நிறுத்தச் சொன்னார். அவருக்குப் பிள்ளைகுட்டி கிடையாது. கடைசி ஷிப்டில் இருந்த ஆட்கள் ஒவ்வொருவராகக் கும்பிட்டுவிட்டு உள்ளே ஏறினார்கள், ஏறினார்கள், ஏறிக்கொண்டே இருந்தார்கள். வண்டி ஒவ்வொரு தெரு முனையிலும் நின்று, பள்ளிக்கூடம் விட்டது போல ஆட்களை இறக்கிவிட்டுப் போனதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். யாருக்கும் நிற்க வேண்டி வரவில்லை. மறு மாதம் அவர் இறந்தார். ஸ்பேர் பார்ட்ஸ் மட்டும் இன்றைக்கும் கிடைக்கிறது, எங்கிருந்து வருகிறது என்று விற்கிறவர்களுக்கே தெரியாது.

தொழிற்சாலை மூடிய மறு வருஷம், பாப்பாவின் சீட்டுக்குப் பக்கத்தில் ரெக்சின் லேசாக எழும்பியது. டீச்சர் அதைப் பார்த்தாள். அவர் பார்த்ததையும் பார்த்தாள். கடைக்காரர் அந்தப் பக்கத்து ஜன்னலுக்குத் துணி வாங்கித் தானே திரை தைத்துக் கட்டினார். கேட்டதற்கு, வெயில் பட்டு ரெக்சின் வெளுத்துப் போகிறது என்றார். சின்னச் சீட்டு நல்ல திடமாக வளர்ந்தது. தினமும் கடைக்குப் போகும் வழியில் பின்னால் வருகிற லாரியைப் பார்க்கிற மாதிரி கண்ணாடியில் அதைப் பார்ப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வண்டி கழுவிக்கொண்டிருந்தார். டீச்சர் அடுப்படியில் இருந்தாள். கையில் நுரையோடு அவர் வாசற்படியில் வந்து நின்றார்.

"டீச்சர், பாப்பா சீட்டு ஓரத்துல சுருங்குது."

"எப்படிச் சுருங்குது?"

"மாமாவோடது சுருங்கின மாதிரி."

அவள் அடுப்பை அணைத்தாள். படகுத்துறை ஆபீஸுக்குப் போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் நுரை காயாத கையோடு வண்டியை எடுத்தார். அவள் முன்னால் ஏறாமல் பின்னால் போய், மகளின் சீட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"எப்படி இருக்கு?"

"நீங்க ரோட்டைப் பாருங்க."

ஊர் தாண்டியதும் கடைக்காரர் பேச ஆரம்பித்தார். டீச்சரிடம் அல்ல, முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு. எதிர்வீட்டு வாசல்மரத்தை வெட்டிவிட்டார்கள் பாப்பா, இப்போ உன் ரூம்ல நல்லா வெளிச்சம் வருது என்றார். உன் அத்தைக்குக் கல்யாணமாகி அடுத்த தெருவில்தான் இருக்கிறாள், வாரத்துக்கு மூணு நாள் வந்து என்னைத் திட்டுகிறாள் என்றார். எனக்குக் கிட்டத்துல பார்க்கிற பார்வையும் போச்சு, எனக்கு நானே டெஸ்ட் பண்ணிக்கிட்டேன், எழுத்தெல்லாம் மனப்பாடமா இருக்கிறதால ஒண்ணும் சரியா வரல என்றார். விட்டுப்போன வருஷங்களின் சில்லறைச் செய்திகளையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். மேடு வந்தபோது முன்னால் சாய்ந்துகொண்டு சொன்னார். டீச்சரின் கைக்கு அடியில் சீட்டு சுருங்குவது நின்றிருந்தது. அவள் அதை அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் பேச்சை நிறுத்திவிடுவாரோ என்று பயந்தாள். பாலம் தாண்டும்போதுதான், "பேசுங்க, பேசுங்க. நிமிருது" என்றாள்.

துறைமுக ஊர் படகுத்துறையில் விசாரித்ததும் ஆஸ்பத்திரிக்கு வழி சொன்னார்கள். அங்கே நீளமான வராந்தாவில், இன்ஜின் எண்ணெய் போகாத நகங்களோடு ஒருவர் கைக்குழந்தையைத் தோளில் போட்டபடி நடந்துகொண்டிருந்தார். யார் என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குழந்தைக்கு அந்த மூக்கு இருந்தது. பிரசவத்துக்குப் பின் வந்த காய்ச்சல், நேற்று வரைக்கும் டாக்டர்கள் பிடிகொடுத்துப் பேசவில்லை, இன்று காலையில்தான் இறங்க ஆரம்பித்தது என்றார் அவர். எத்தனை மணிக்கு என்று டீச்சர் கேட்கவில்லை. உள்ளே பாப்பா கண் திறந்து அப்பாவைப் பார்த்தாள்.

"வண்டியை எங்கப்பா நிறுத்தினீங்க? வாசல்ல நிறுத்தினா சக்கரத்துக்குப் பூட்டுப் போட்டுருவாங்க."

"போடட்டும்" என்றார் கடைக்காரர். "நான் இங்கதான் இருக்கப் போறேன்."

இருந்தார். கடையைத் தங்கையிடம் விட்டுவிட்டு, பாப்பா எழுந்து நடக்கிற வரைக்கும் அந்த ஊரிலேயே இருந்தார். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிற நாளில் மூட்டை முடிச்செல்லாம் ஏற்றியாகிவிட்டது. பாப்பா தன் இடத்தில் சாய்ந்துகொண்டாள். குழந்தையைச் சின்னச் சீட்டில் படுக்க வைத்தார்கள், வெட்டித் தைத்தது போலப் பொருந்தியது. டீச்சர் முன்னால் ஏறினாள். தங்கையின் சீட்டில் பைகள் இருந்தன. படகுக்காரர் மட்டும் வெளியே நின்று உள்ளே ஒரு நோட்டம் விட்டார்.

"நீங்க போங்க மாமா. நான் பஸ் பிடிச்சு வந்துடுறேன்."

கடைக்காரர் இறங்கி வந்து பின்கதவைத் திறந்து பிடித்தார். படகுக்காரரைப் பெயர் சொல்லியோ உறவு சொல்லியோ அதுவரை ஒரு தடவைகூடக் கூப்பிட்டிருக்கவில்லை.

"ஏறுங்க மாப்பிள்ளை. வண்டி நகரட்டும், வந்துரும்."

என்ன வந்துவிடும் என்று புரியாமல் அவர் பாப்பாவைப் பார்த்தார். அவள் சற்று ஒதுங்கிக்கொண்டாள். ஒரு பையை மடியில் வைத்துக்கொண்டு, பாதி உடம்பு அந்தரத்தில் இருக்க, படகு விளிம்பில் உட்கார்ந்து பழகிய மனிதராகத் தொற்றிக்கொண்டார். வண்டி கிளம்பியது. மீன் சந்தை தாண்டி, கலங்கரை விளக்கம் தாண்டி, பாலத்தில் ஏறுவதற்குள் அவர் முதுகுக்குச் சாய்மானம் கிடைத்திருந்தது. அவர் காலை நீட்டிக்கொண்டார்.

"மாமா, இந்தக் கதவு சரியா சாத்தலை போல. காத்து வருது."

"அது அப்படித்தான்" என்றார் கடைக்காரர். "லேசாத் தூக்கி ஒரு இழுப்பு இழுங்க."