ஐஸ்காரிக்கு ஒரு கூரை

கீழே அரங்கத்தில் ஆயிரம் பேர் சுகமாக உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மேலே மொட்டைமாடியில் ஐஸ்காரி மெஷினையும் வெயிலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐஸ்காரி என்பது அரங்கத்து ஆட்கள் வைத்த பெயர். அவள் ஐஸ் விற்பவள் அல்ல. தண்ணீரைக் குளிரவைத்துக் கட்டடம் முழுக்க ஏசிக்கு அனுப்பும் சில்லர் மெஷினைப் பொருத்துவது அவள் தொழில். அடுத்தவர் கம்பெனியில் மாடாக உழைத்தது போதுமென்று தனியாக இறங்கி எடுத்த முதல் வேலை இது. அந்த முதல் வேலைதான் மூன்று நாளாக அவள் மானத்தை வாங்கியது. காலையில் சமர்த்தாக ஓடும் மெஷின், வெயில் உச்சிக்கு வந்ததும் பிரஷர் எகிறி நின்றுவிடும்.

"இன்னிக்கு முழு அரங்கம்," என்று அரங்கத்து முதலாளியம்மா காலையிலேயே சொல்லிவிட்டார். "இன்னிக்கும் நின்னா நாளைக்கு கிரேன் வரும். உங்க மெஷினைக் கீழ எறக்கிட்டு வேற ஆளைப் பாத்துக்கறேன்."

அவள் பார்க்காத இடமில்லை. பக்கவாட்டில் காற்றை உள்ளிழுக்கும் காயிலை, அந்தக் குழாய்ச் சுருளை, கழுவினாள். கேஸ் அளவு, தண்ணீர் ஓட்டம், ஃபேன் சுற்றும் திசை எல்லாம் பார்த்தாயிற்று. எல்லாம் சரி. எல்லாம் சரி என்றால் ஏன் நிற்கிறது?

மெஷினுக்கு மேலே பளபளவென்று ஒரு தகரக் கூரை. போட்டவர் அவள் கொழுந்தன், வெல்டர். தீப்பொறி என்றால்தான் ஊருக்குத் தெரியும். கையிலும் பறக்கும், வாயிலும் பறக்கும். "கிடைக்கிற சம்பளத்தை விட்டுட்டு இது என்ன வேண்டாத வேலை?" என்று அவர் கேட்ட நாளிலிருந்து இருவருக்கும் பேச்சு அளவோடுதான். அப்படிப்பட்டவர், அவள் சாமான் வாங்க வெளியூர் போயிருந்த நேரத்தில், யாரும் கேட்காமலே கூரையை எழுப்பிவிட்டார். "மெஷின் வெயில்ல காயுதேன்னு போட்டேன்" என்றார்.

சில்லர் விடும் அனல் மேலே போக வானம் திறந்திருக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் கூரை நல்ல உயரத்தில்தானே இருக்கிறது, ஆசையாகப் போட்டதைப் பிரி என்று எந்த வாயால் சொல்வது? போதாக்குறைக்கு அந்த நிழலில் உட்கார்ந்து டீயும் குடித்தாள். பாசம் கண்ணை மறைத்தது, அவ்வளவுதான்.

உச்சி வெயில். பிரஷர் முள் ஏறிக்கொண்டிருந்தது. எங்கிருந்தோ வந்த ஒரு புறா இறகை, மெஷின் தலையில் சுற்றிய ஃபேன் மேலே தூக்கி அடித்தது. இறகு தகரத்தில் மோதி, ஓரமாகச் சறுக்கி, சுற்றிக்கொண்டு கீழே வந்து காயிலில் போய் ஒட்டியது. ஐஸ்காரி காயிலுக்குப் பக்கத்தில் கையை நீட்டினாள். வெளிக்காற்றை உறிஞ்ச வேண்டிய இடத்தில் அடுப்பு வாய் மாதிரி அனல்.

"அடப்பாவி மெஷினே, நீ விட்ட மூச்சையே நீ திரும்ப இழுக்கிறியா!"

அவள் சொல்லி முடிப்பதற்குள் மெஷின் நின்றது. குழாயில் மிச்சமிருக்கும் குளிர்ந்த தண்ணீர் கால்மணி நேரம் தாங்கும். அதற்குமேல் ஆயிரம் பேரும் விசிற ஆரம்பித்துவிடுவார்கள்.

தீப்பொறி கூரைத் தூணுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, கோவிச்சுக்காதீங்க. கூரையைப் பிரிக்கணும்."

"என்னது? மெஷின் ஓடலேன்னா என் கூரையா கெடைச்சுது? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!"

அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. ஃபேனை மட்டும் ஓடவிட்டு, காயிலில் இருந்த இறகை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "மேல விடுங்க."

விட்டார். இறகு ஏறியது, மோதியது, சறுக்கியது, அதே காயிலில் வந்து ஒட்டியது. தீப்பொறி இன்னொரு தடவை விட்டுப் பார்த்தார். பிரஷைப் பெயிண்ட் டப்பாவில் போட்டார்.

"ஃபேனை நிறுத்துங்க அண்ணி. ஸ்பேனரைக் குடுங்க. நல்லவேளை, வெல்டு வைக்காம போல்ட்டு போட்டேன்."

பிறகு அந்த மாடியில் நடந்தது ஒரு போர். அவர் மேலிருந்து கழற்றக் கழற்ற, அவள் கீழிருந்து வாங்கி வாங்கி அடுக்கினாள். கை சுட்டது, யார் பார்த்தார்கள்? கடைசித் தகரம் இறங்கியதும் ஓடிப்போய் மெஷின் சுவிட்சைத் தட்டிவிட்டாள். அனல் நேராக வானத்துக்குப் போனது. முள் ஏறியது, தயங்கியது, பிறகு மெல்ல இறங்கி ஓரிடத்தில் உட்கார்ந்தது. ஐஸ்காரி 'ஹோ'வென்று கத்தினாள். தீப்பொறி ஸ்பேனரால் தகரத்தில் மேளம் கொட்டினார்.

வெயில் கொளுத்தியது. மெஷின் நிற்கவில்லை. பாட்டு முடிந்து கீழே கைதட்டல் எழுந்தபோது, அது தனக்குத்தான் என்று அவள் வெட்கமில்லாமல் எடுத்துக்கொண்டாள்.

முதலாளியம்மா சால்வையைப் போர்த்திக்கொண்டு மாடியேறி வந்தார். "உள்ள எல்லாரும் குளுருதுங்கறாங்க. கொஞ்சம் குறைங்கம்மா. கிரேனை வரவேணாம்னுட்டேன்."

அவர் இறங்கிப் போனதும் ஐஸ்காரி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கண்ணைத் துடைத்து நிமிர்ந்தால், முகத்தில் வெயில் இல்லை. தீப்பொறி ஒரு தகரத்தை அவள் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார்.

"மெஷினுக்கா போட்டேன்?" என்றார், எங்கோ பார்த்துக்கொண்டு. "உங்களுக்குத்தான் அண்ணி போட்டேன்."