மூன்று பேருக்கான ஆட்டம்

இப்பவும் என்னைக் கூப்பிட மாட்டான். என் பந்து நேராகப் போய்ப் பாதையின் நட்டநடுவில் உட்கார்ந்திருக்கிறது. அதைவிட நல்ல இடம் இந்த மைதானத்திலேயே கிடையாது. அவனும்தான் பார்க்கிறான். ஆனாலும் கூப்பிட மாட்டான். சாலமோன் சார் இன்னும் மட்டையைத் தூக்கவேயில்லை, அதற்குள் வாயைத் திறக்கிறான் பார்.

"சார் என் பார்ட்னர்," என்றான் ஜெகதீசன்.

நினைத்தது சரிதான். சினேகா தன் மட்டையைத் துடைத்துப் பையில் செருகினாள்.

"ஏ ஜெகதீசா, நான் இன்னும் அடிக்கவேயில்லையேப்பா," என்றார் சாலமோன். "பந்து விழுந்த பெறவுதான கூப்பிடணும்?"

"நீங்க அடிச்சா நல்லாத்தான் விழும் சார்."

அவர் அடித்தார். பந்து கடற்காற்றில் ஏறி, மேலேயே சற்று யோசித்துவிட்டு, வலதுபக்கமாக வளைந்து வேலிக்காத்தான் புதருக்குள் போனது. சாலமோன் சந்தோஷமாகச் சிரித்தார். "போ, ஒம் பார்ட்னரத் தேடு." ஜெகதீசன் வெள்ளைக் கால்சட்டையோடு முள்ளுக்குள் குனிந்தான்.

எண்ணூரில் கம்பெனி குடியிருப்புக்குப் பின்னால், சாம்பல் படிந்த ஒன்பது குழி கோல்ஃப் மைதானம் அது. ஏப்ரல் வரை நான்கு ஆண்கள் ஞாயிறு காலையில் இரண்டு ஜோடியாக ஆடினார்கள். இரண்டு பேருக்கு மாற்றல் வந்தது. மிஞ்சியவர்கள் ஜெனரல் மேனேஜர் சாலமோனும் அவருக்குக் கீழே வேலை பார்த்த ஜெகதீசனும். "ஒம் வீட்டம்மா ஹாக்கி ஆடினவங்கதான, கூட்டிட்டு வா," என்றார் சாலமோன். ராயபுரத்தில் கல்லூரிக்காக மூன்று வருடம் ஹாக்கி ஆடியவள் சினேகா. கல்யாணத்துக்குப் பிறகு மட்டை பரணில் கிடந்தது. ஹாக்கிப் பழக்கத்தில் அவள் தாழ்வாக அடித்தாள். இந்தக் காற்றுக்கு அதுதான் சரியென்று முதல் வாரமே தெரிந்துவிட்டது.

மூன்று பேர் ஆட எத்தனையோ வழி இருக்கிறது. ஒவ்வொரு குழிக்கும் ஒன்பது புள்ளி வைத்து ஐந்து, மூன்று, ஒன்று என்று பிரித்துக்கொள்ளலாம். அது யாரையும் நோகடிக்காத ஆட்டம். சாலமோனுக்குச் சப்பென்று இருந்தது. அவருக்குப் பிடித்தது ஓநாய் ஆட்டம். குழிக்கு ஒருவர் ஓநாய், முறை வைத்து மாறும். மற்ற இருவரும் முதலில் அடிப்பார்கள். ஒரு பந்து விழுந்ததும், அடுத்தவர் அடிப்பதற்கு முன், அவரைத் தனக்கு ஜோடியாகக் கூப்பிட ஓநாய்க்கு உரிமை உண்டு. கூப்பிட்டால் மூன்றாவது ஆள் தனி. யாரையும் கூப்பிடாவிட்டால் ஓநாய் தனி, ஜெயித்தால் இரண்டு பங்கு புள்ளி.

"எப்பிடி ஆடுனாலும் ஒரு ஆளு தனியா நிக்கணும். அதுலதான் ருசியே," என்பார் சாலமோன்.

அந்த ஆள் சாலமோனாக இருந்ததே அபூர்வம். தன் முறை வரும்போதெல்லாம் ஜெகதீசன் அவரைக் கூப்பிட்டான். அவர் தன் முறையில் சினேகாவைக் கூப்பிட்டுவிட்டு ஜெகதீசனின் முகத்தைப் பார்ப்பார். முதல் ஞாயிறு அவள் புருஷனைக் கூப்பிட்டாள். அன்றைக்கு வீட்டில் அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். "யார கூப்புடணும்னு கூடத் தெர்லயா உனக்கு? அவரு மூஞ்சி எப்டி ஆச்சு பாத்தியா?" அதிலிருந்து அவளும் சாரையே கூப்பிட்டாள். எட்டு வாரம்.

கூப்பிடுகிறவளுக்கு உள்ளே என்ன ஓடும் என்பது சினேகாவுக்குத் தெரியும். கல்லூரி அணிக்கு அவள் கேப்டன். எழில்மொழி என்று ஒருத்தி. திக்கிப் பேசுவாள், நன்றாக ஓடுவாள். மூன்று வருடமும் அவளை வெளியே உட்கார வைத்தாள். காரணம் எதுவும் இல்லை. பெயர்ப் பட்டியலைப் படிக்கும்போது அந்த முகம் மெல்ல அணைவதைப் பார்க்க அவளுக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். சாலமோனின் சிரிப்பை அவள் வெறுத்தது அதனால்தான். அது அவளுக்குத் தெரிந்த சிரிப்பு.

ஆறாவது குழியில் அவள் ஓநாய். ஜெகதீசன் அடித்தான், சுமார். உடனே அவளைப் பார்த்துக் கண்ணால் சாரைக் காட்டினான். சாலமோன் அடித்தார், அருமையான அடி. அடித்துவிட்டு, கூப்பிடப்போகிறாள் என்ற நிச்சயத்தில் மோவாயைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

அவள் யாரையும் கூப்பிடவில்லை. பந்தை வைத்தாள்.

"ந்தா," என்றான் ஜெகதீசன் மெதுவாக.

அவள் அடித்தாள். பந்து தரையை ஒட்டிப் பாய்ந்தது.

அந்த உப்பு மண்ணில் புல் வளராது. அதனால் குழியைச் சுற்றி எண்ணெய் கலந்த மணலைக் கொட்டி வைத்திருப்பார்கள். பந்தை உருட்டும் முன், பலகை கட்டிய கம்பால் பந்திலிருந்து குழி வரை ஒரே இழுப்பில் தடம் போட வேண்டும். அதற்கென்று முகத்துவாரக்குப்பத்திலிருந்து பச்சையம்மா வருவாள். சாலமோனுக்குப் போட்ட தடம் கோணல் என்று அவளை மூன்று முறை இழுக்கவிட்டார். வெயில் ஏறிவிட்டிருந்தது. கறுத்த மணலில் அவள் செருப்பில்லாமல் நின்றாள். செருப்புத் தடம் விழும் என்று அவர்தான் கழற்றச் சொன்னது. மூன்றாவது தடத்திலும் பந்து குழியைத் தாண்டிப் போனது. சினேகாவின் பந்து உள்ளே விழுந்தது.

"ஒண்டியா நின்னு ரெண்டு ஆம்பளைங்கள சாச்சுட்டியே பாப்பா," என்றாள் பச்சையம்மா, காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு.

சாலமோனின் முகம் ஒரு கணம் வெறுமையாக இருந்தது. பிறகு சிரித்தார். ஏழாவது குழி முழுக்க ஜெகதீசனின் தோளில் கைபோட்டபடி முன்னால் நடந்தார். பேசியது அவர். புருஷனின் தலை ஆடுவது மட்டும் பின்னாலிருந்து அவளுக்குத் தெரிந்தது.

எட்டாவது குழி ஜெகதீசனின் முறை. சினேகா முதலில் அடித்தாள். பந்து தரையில் உருண்டு நின்றது.

"சினேகா என் பார்ட்னர்," என்றான்.

ஒன்பது ஞாயிறில் முதல் தடவை. அவள் மனசு வெட்கமே இல்லாமல் துள்ளியது. என்ன சின்னப் புத்தி இது, ஒரு வார்த்தைக்கு இப்படியா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். ஆனாலும் அவன் பக்கத்தில் நடந்தபோது முகம் மலர்ந்துதான் இருந்தது. சாலமோன் தன் பந்தை அடித்துவிட்டு, தூரத்தில் தனியாக, அவசரமில்லாமல் வந்தார்.

"அடுத்த மாசம் பெங்களூர்ல ஒரு போட்டி கீது," என்றான் ஜெகதீசன். "ஆம்பள பொம்பள ஜோடியா ஆடறது. சார் உன்ன கூட்டுகினு போறேன்றாரு."

"நீ?"

"நான் இன்னாத்துக்கு? ரெண்டு பேர் ஆட்டம் அது."

"எத்தினி நாளு?"

"மூணு. கெஸ்ட் ஹவுஸ்தான். அவரு வூட்டம்மா தூத்துக்குடில கீறாங்க, அவங்க வரல."

கடைசி விஷயத்தை அவள் கேட்கவில்லை. அவனாகச் சொன்னான்.

"அவரு இன்னா கேக்குறாருன்னு உனக்குப் புரியுதா?"

"பந்தடிக்கக் கூப்புடறாரு. நீ ஏன் கலீஜா யோசிக்கிற?" குரலைத் தாழ்த்தினான். "வியாழக்கெழம லிஸ்ட் போடறாங்க. டெபுடி மேனேஜர். ஏழு வருசமா நிக்கறேன். காத்திவாக்கத்துல எங்கம்மா எறா உரிச்சு உரிச்சு விரல்ல நகமே இல்ல. அதுக்கு போய் நீ பதில் சொல்லு. உங்க வூட்ல இன்னா குடுத்து அனுப்சாங்க உன்ன? ஒரு ஹாக்கி மட்ட."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பயந்திருப்பான், வாய் குழறும் என்று நினைத்தாள். அப்படி எதுவும் இல்லை. கண் தெளிவாக இருந்தது. அவனுக்குப் புரியாமல் இல்லை. இன்று காலை சாலமோன் தோளில் கைபோட்டபோதுதான் புரிந்தது என்றும் இல்லை. எந்த வாரத்தில், எந்தக் குழியில் புரிந்ததோ, அதற்குப் பிறகும் அவளை ஒவ்வொரு ஞாயிறும் ஆறு மணிக்கு எழுப்பி, டீ போட்டுக் கொடுத்துக் கூட்டி வந்திருக்கிறான். அந்த டீயை அன்பென்று நினைத்துக் குடித்திருக்கிறாள்.

மணல்திட்டில் பச்சையம்மா சினேகாவின் பந்துக்குத் தடம் இழுத்துவிட்டு நிமிர்ந்தாள். சாலமோன் கைப்பேசியோடு வந்து சேர்ந்தார்.

"என்னம்மா, ஜெகதீசன் சொல்லிட்டானா? பேரு குடுக்க இன்னைக்குத்தான் கடைசி. ஒரு போட்டோவும் கேக்கான். இப்பிடித் திரும்பு."

ஜெகதீசன் அவள் தலையிலிருந்து தொப்பியை எடுத்தான். காதோரம் கலைந்த முடியைத் தன் விரலாலேயே ஒதுக்கிவிட்டான். "வெயில் மூஞ்சில நல்லா வுழுது சார், எடுங்க," என்றான். பிறகு அவளிடம், "கொஞ்சம் சிரி."

பச்சையம்மா கம்பைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

சினேகா புருஷனின் கையிலிருந்து தொப்பியை வாங்கினாள். பிடுங்கவில்லை, அவன் விடும் வரை காத்திருந்து வாங்கினாள். தலையில் வைத்து, நெற்றி மறைய இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"என் பேரு போடாதீங்க சார்," என்றாள். "நான் வரல."