தண்ணீரும் நல்ல எண்ணமும்

யோகா டீச்சரின் வயதைக் கேட்டவர்கள் வாயைப் பிளப்பார்கள். பிளந்த வாய் மூடுவதற்குள் அவர் ரகசியத்தையும் சொல்லிவிடுவார்: "பச்சைத் தண்ணியும் நல்ல எண்ணமும்தான். வேற ஒண்ணும் கிடையாது." வகுப்பில் இடம் கிடைப்பதே பெரும்பாடு. அந்த நல்ல எண்ணம், ஊருக்கு வெளியே ஒரு கிளினிக்கில் ஊசி வழியாகக் கன்னத்தில் இறங்குவது வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது.

சளிக்காய்ச்சல் வந்தது, போனது. போன கையோடு இடது கன்னம் சிவந்து, உள்ளே கட்டி கட்டியாக வீங்கியது.

"என்னம்மா, ஒரு பக்கம் மட்டும் நல்ல எண்ணம் ஜாஸ்தியாயிடுச்சா?" என்றார் வீட்டுக்காரர்.

"பல்லுங்க" என்று சொல்லிவைத்தார் டீச்சர்.

சொன்னது வம்பாயிற்று. பல் டாக்டர், டீச்சரின் தங்கை மருமகன். வீட்டுக்காரர் விடாப்பிடியாக அங்கே இழுத்துப்போனார். டாக்டருக்கு உதவியாக அவர் மனைவி, அந்தத் தங்கை மகளே நின்றாள். யோகா வகுப்பில் முதல் வரிசையும் அவள்தான்.

டாக்டர் தட்டிப் பார்த்தார், எக்ஸ்ரே எடுத்தார். "பல்லுல பெருசா ஒண்ணும் தெரியலையே அத்தை. தப்பா நினைக்காதீங்க, கன்னத்துல சுருக்கம் தெரியாம இருக்க ஃபில்லர் ஊசி ஏதும் போட்டிருக்கீங்களா? அது பாட்டுக்குச் சும்மா கிடக்கும். காய்ச்சல்ல உடம்போட எதிர்ப்பு சக்தி முழிச்சுக்கிட்டா, அதையும் எதிரின்னு நினைச்சு அடிக்க ஆரம்பிச்சிடும். அதுதான்னா சொல்லிடுங்க, சரியான மருந்து குடுத்தா அடங்கிடும்."

'ஆமா' என்ற சொல் டீச்சரின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"யாரைப் பார்த்து என்ன கேக்கறீங்க?" தங்கை மகள் சீறினாள். "பெரியம்மா பவுடர்கூடப் போட மாட்டாங்க. அவங்களைப் பார்த்துத்தானே நானும் எல்லாத்தையும் தூக்கிப் போட்டேன்!"

வந்த சொல் தொண்டைக்குள் இறங்கிப்போனது.

"கடைவாய்ப் பல்லுதான் மாப்பிள்ளை. குடையுது. பிடுங்கிடுங்க."

எப்போதோ அடைத்த பல் ஒன்று அங்கே இருந்தது. டாக்டர் அரைமனதோடு அதன் மேல் பழியைப் போட்டார். பல் லேசில் வரவில்லை. "என்ன அத்தை, வேர் இரும்பாட்டம் இருக்கு!" என்று வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

வீக்கம் வற்றவில்லை. அடுத்த வாரம் வலது கன்னமும் கிளம்பியது.

இந்த முறை டாக்டர் மனைவியை மருந்து வாங்க அனுப்பினார். கதவைச் சாத்தினார். "இப்ப யாரும் இல்ல அத்தை. எங்கிட்ட மட்டும் சொல்லுங்க."

நாற்காலிக்கு மேலிருந்த விளக்கின் கண்ணாடியில் டீச்சரின் முகம் தெரிந்தது. அதை அவருக்கே அடையாளம் தெரியவில்லை. மாப்பிள்ளை நல்லவர்தான், ஆனால் பெண்டாட்டியிடம் எதையும் மறைக்கத் தெரியாதவர். ராத்திரிச் சாப்பாட்டில் வாய்விட்டால், விடிந்ததும் முதல் வரிசை காலியாக இருக்கும்.

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். வாயை நன்றாகத் திறந்து, வலப்பக்கக் கடைவாயை விரலால் தொட்டுக் காட்டினார்.