மூடிய லேப்டாப்புடன் கொஞ்ச தூரம்

1

இந்தக் கதையின் முதல் வாக்கியம் என்னுடையதல்ல. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், பழைய லேப்டாப் விற்கும் ஒரு கடையில் காதில் விழுந்தது. முகக்கவசம் போட்ட ஒரு பெண் கடைக்காரரிடம் கேட்டாள்: "இத மூடி, கையில எடுத்துக்கினு கொஞ்ச தூரம் நடந்துட்டு வரட்டுங்களாண்ணா?"

பதிலைக் கேட்பதற்குள் என் பஸ் வந்துவிட்டது. லேப்டாப் வாங்க வந்தவள் எதற்கு நடக்க வேண்டும்? வீடு போய்ச் சேரும்வரை அது மண்டையைக் குடைந்தது. மீதியெல்லாம் நான் இட்டுக்கட்டியது.

2

'பனி போர்த்திய கல்வராயன் மலையின் மடியில்...'

அடித்துவிட்டேன். மலைக்காரர்களைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே எங்கிருந்தோ பனி வந்துவிடுகிறது.

'இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடு பிடித்திருந்த 2020 டிசம்பரில், வட மாவட்டங்களின்...'

இது செய்தி வாசிப்பு. (ஆனால் மாதத்தை மறந்துவிடாதீர்கள். ஊர்வலம் வரும்.)

நேராகவே சொல்கிறேன். இலக்கியாவுக்கு ஒரு லேப்டாப் வேண்டும். தூங்கினால் எழுந்திருக்கிற லேப்டாப்.

[பெயரில் குறியீடு தேட வேண்டாம். அவள் படித்த வகுப்பில் மட்டும் இரண்டு இலக்கியா.]

3

கல்வராயன் மலையில், கரியாலூருக்கு மேலே அவள் வீடு. வீட்டில் கரண்ட் உண்டு, சிக்னல் இல்லை. கீழே பாதை வளையும் இடத்தில் ஒரு பாறை இருக்கிறது. அங்கே சிக்னல் உண்டு, கரண்ட் இல்லை. ஆகவே வீட்டில் வேலையைச் செய்து, லேப்டாப்பை மூடி, பாறைக்கு நடந்து, திறந்து அனுப்ப வேண்டும். மூடினால் கணினி தூங்கும். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்ட சில கணினிகள் அருமையாகத் தூங்கும், ஆனால் விழிக்காது. இரவல் வாங்கிய ஒன்று பாறைமேல் அப்படித்தான் அவள் காலை வாரியது. செய்த வேலை நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை; முன்பிருந்த கம்பெனியில் அவளை நிறுத்திவிட்டார்கள்.

(அணைத்துவிட்டுப் போய் மறுபடி போட்டால் என்ன? நானும் கேட்டேன். எல்லாவற்றையும் திறந்து விட்ட இடத்தைப் பிடிப்பதற்குள் பழைய பேட்டரி பாதி காலியாகிவிடும். மேலே மழை வேறு.)

இப்போது சென்னைக் கம்பெனி ஒன்று, வீட்டிலிருந்தே செய்யும் வேலைக்கு, திங்கட்கிழமை சேரச் சொல்லியிருக்கிறது. அவர்கள் வேலை லினக்ஸில்தான் ஓடும். அவளால் வாங்க முடிவது ஒரே ஒரு லேப்டாப். கடைச் சுவரிலோ, விற்ற பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்று எழுதியிருக்கிறது.

4

கடைக்காரர் சுபாஷ். அவள் பையிலிருந்து பென்டிரைவை எடுத்ததுமே முகம் மாறியது.

"அதுல இன்னா இருக்குது? வைரஸ் கிரஸ் ஏத்திறப் போற."

"லினக்ஸுங்கண்ணா. உங்க டிஸ்க்க தொடாது. இதுலர்ந்தே ஓடும்."

ஓடியது. வைஃபை பிடித்தது, சத்தம் வந்தது, தட்டிய எல்லா எழுத்தும் திரையில் விழுந்தது. சுபாஷ் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம்தான் அவள் அந்த முதல் வாக்கியத்தைக் கேட்டாள். பென்டிரைவ் சொருகினபடியே இருக்கட்டும் என்றும் சொன்னாள்.

"எந்த ஊரு நீ?"

"கரியாலூருக்கு மேலங்க."

"மலையா."

இந்த ஒரு சொல்லில் நான் இரண்டு நாள் மாட்டிக்கொண்டேன். முதலில் அதில் ஏளனம் வைத்தேன். பிறகு சந்தேகம். கடைக்காரரைக் கெட்டவராக்கினால் எனக்கு வேலை சுலபம், உங்களுக்கும் அவரை வெறுப்பது சுலபம். ஆனால் அந்த மாதம் ஊரே 'எந்த ஊரு' என்றுதான் ஆளை அளந்துகொண்டிருந்தது. அவர் மட்டும் எப்படிக் கேட்காமல்

வேண்டாம். அவர் ஆவலாகத்தான் கேட்டார், மலையில் இதை வைத்து என்ன செய்வாள் என்று தெரிந்துகொள்ள. அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

"ஆதாரை வெச்சிட்டுப் போ."

"வெக்கறேங்க. ஆனா நீங்களும் வாங்கண்ணா. தெறக்கறப்ப பக்கத்துல இல்லன்னா, நான்தான் கீழ போட்டுட்டேன்னு சொல்லுவீங்க."

சுபாஷ் சிரித்துவிட்டார். ஊர்வலம் வருகிறதென்று தெருவே ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தது. அவரும் இறக்கினார்.

5

இருவரும் நடந்தார்கள். அவள் லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்திருந்தாள். ஒதுக்கீடு கேட்டுக் கொடிகளோடு கூட்டம் வந்ததும் ஓரமாக ஒதுங்கி நின்றார்கள்.

"சுபாஷு, நீயும் வாடா!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

"மாமா பையன்" என்றார் சுபாஷ், கொஞ்சம் கூச்சத்தோடு. பிறகு கேட்டார்: "உங்களுக்குலாம்தான் இருக்குதே, ஒதுக்கீடு?"

"இருக்குதுங்கண்ணா. டவருதான் இல்ல."

கூட்டம் கடந்துபோக வெகு நேரமானது. அவள் வீட்டிலிருந்து பாறைக்கு நடக்க ஆகும் நேரம் எப்போதோ கழிந்துவிட்டது.

"தெறம்மா" என்றார் சுபாஷ்.

திறந்தாள். ஓரத்தில் சின்ன விளக்கு எரிந்தது. திரை கறுப்பு.

"போச்சு. பவர அமுக்கிப் புடி."

"இருங்கண்ணா. எழுந்துக்கினு இருந்துச்சுன்னா? அமுக்கினா செத்துடும். மிஷினு கெட்டதா, நம்ம கை அவசரப்பட்டுச்சான்னு அப்புறம் தெரியவே தெரியாது."

6

முதல் முடிவு: திரை பளிச்சென்று விழிக்கிறது, இலக்கியா திங்கட்கிழமை பாறைமேல் உட்கார்ந்து... எழுதி, நண்பரிடம் காட்டினேன். "அவ்ளோதானா?" என்றார்.

இரண்டாவது: விழிக்கவில்லை. சுபாஷ் கடையிலிருந்து இன்னொன்றை எடுத்து வந்து, "வா, திரும்ப நடக்கலாம்" என்கிறார். எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அதில் கைதட்டல் சுபாஷுக்குப் போய்விடுகிறது, நடந்து பார்க்க யோசித்தவள் அவளல்லவா?

மூன்றாவது: விழிக்கவில்லை, கடையில் வேறும் இல்லை, கடைசி பஸ்ஸில் அவள்

இதை எழுத எனக்கு மனசு வரவில்லை.

எந்த முடிவுக்குப் போனாலும் அந்தக் கறுப்புத் திரையைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் பலமுறை அங்கே போய் நின்றேன். ஒவ்வொரு முறையும் என் விரல் பொத்தானுக்குப் போனது. நான் சமவெளிக்காரன், சிக்னலுக்காக நடந்ததே இல்லை. எனக்குப் பொறுமை அவ்வளவுதான். அதனால் இதை உங்களிடம் விட்டுவிடுகிறேன்.

விளக்கு எரிகிறது. சுபாஷ் அவள் முகத்தையே பார்க்கிறார். தயவுசெய்து, அவள் சொல்லும்வரை நீங்களும் அமுக்காதீர்கள்.