மலைக்குத் தனியாகப் போனவன்

தீவுச் சாலைகள் பாக்கியசாமிக்கு அலுத்துப்போயிருந்தன. பினாங்குத் துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனிக் குமாஸ்தா அவன். ஞாயிறு பூசை முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு சூலியா தெருவுக்குப் போவான். அங்கே சைக்கிள் கடை வைத்திருந்த தாடிக்காரர் கமாலுதீன் அவனைவிடப் பத்து வயது மூத்தவர். இருவரும் பாயான் லெப்பாஸ் வயல்களைத் தாண்டி, பாலிக் புலாவ் மேட்டில் மூச்சிரைக்க ஏறி, இருட்டுவதற்குள் வீடு திரும்புவார்கள். கேமரன் மலைக்குப் புதுச் சாலை போட்டிருக்கிறார்கள் என்ற செய்தி வந்ததிலிருந்து இருவருக்கும் வேறு பேச்சில்லை. அங்கே போக முதலில் ஆசைப்பட்டவர் கமாலுதீன்தான்.

ராஜாவின் பிறந்தநாள் விடுமுறையோடு லீவைச் சேர்த்துக்கொண்டு கிளம்பினார்கள். கமாலுதீனின் மனைவி ஹபீபா பீவி வாழையிலையில் சோறு கட்டிக் கொடுத்து, "தம்பி, அவங்க வேகமா மிதிப்பாங்க. நீங்கதான் பக்கத்துல இருந்து பாத்துக்கணும்" என்றாள். படகில் அக்கரைக்குப் போய், பிறை ஸ்டேஷனில் ரயிலேறி ஈப்போவில் இறங்கி, மறுநாள் விடிந்ததும் தெற்கே மிதித்தார்கள்.

அப்படி ஒரு சாலையைப் பாக்கியசாமி கண்டதில்லை. இரண்டு பக்கமும் சுண்ணாம்புக் குன்றுகள் சுவர்போல நேரே எழுந்து நின்றன. பாறை இடுக்குகளில் மரங்கள் தொங்கின. குகை வாய்களில் பனி புகைந்தது. ஒரு வண்டி இல்லை, ஒரு குரல் இல்லை. கமாலுதீனின் பின் டயரில் காற்று இறங்கியிருந்தது. "நீ மெதுவா போய்க்கிட்டு இரு, நான் அடிச்சிட்டு வந்துர்றேன். வளைவுல பெல் அடி, ஆமா" என்றார்.

சாலை இறக்கத்தில் திரும்பியது. பாக்கியசாமி பெல் அடிக்கவில்லை. உச்சிப் பாறையைச் சுற்றிப் பறந்த குருவிக்கூட்டத்தை, வெள்ளைத் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளி, அண்ணாந்து பார்த்துக்கொண்டே இறங்கினான். வளைவில் காவடிக் கம்பில் கீரைக்கூடைகளைச் சுமந்து ஒரு சீனக் கிழவி வந்தாள். கம்பு சைக்கிள் கைப்பிடியில் மோதியது. அவன் தள்ளாடினான், விழவில்லை. கொஞ்ச தூரம் போய்க் காலை ஊன்றித் திரும்பிப் பார்த்தான். கிழவி சாலையோரம் கிடந்தாள். ஒரு கால் மடங்கியிருந்த விதமே சரியில்லை. முனகிக்கொண்டே அவனைத்தான் பார்த்தாள்.

அவ்வளவு நேரமும் சாலையில் யாரும் இல்லை. அப்போதும் இல்லை. ஊன்றிய கால் திரும்ப மிதிபலகைக்குப் போயிற்று. அண்ணன் பின்னால் வருகிறார், அவர் பார்த்துக்கொள்வார் என்று தனக்குள் சொல்லிக்கொண்டுதான் மிதித்தான்.

அடுத்த ஊரான கம்பாரில் ஒரு காப்பிக்கடையில் உட்கார்ந்தான். வாங்கிய காப்பி ஆறிப்போயிற்று. கமாலுதீன் வரவில்லை. வெயில் ஏறிய பிறகு ஈயக்கல் லோரி ஓட்டும் தமிழன் ஒருவன் வந்து, கடைக்காரனிடம் பேசிக்கொண்டிருந்தான்.

"நம்ம ஆளு ஒருத்தரு, தாடி வச்ச பாய், சைக்கிள்ல வந்து கிழவிய இடிச்சிட்டாராம். பக்கத்து ஈயச் சுரங்கத்து ஆளுங்க சுத்திக்கிட்டு ரெண்டு சாத்தும் சாத்திட்டானுங்க. ஸ்டேஷன்ல உக்காத்தி வச்சிருக்காங்க."

"இடிச்சிட்டு ஓடலியா?"

"அதான் எனக்கும் புரியல. தூக்கி மடியில வச்சுத் தண்ணி குடுத்துக்கிட்டு இருந்தாராம்ல."

பாக்கியசாமி எழுந்தான். வந்த வழி வடக்கே இருந்தது. சைக்கிளில் ஏறும்வரை அந்தப் பக்கம் போகத்தான் நினைத்தான். வேலை போய்விடும், அம்மாவுக்கு யார் இருக்கிறார்கள், போலீஸ் விசாரித்தால் கமாலுதீன் மேல் குற்றமில்லை என்று அவர்களுக்கே தெரிந்துவிடும் என்று ஒவ்வொன்றாக வந்து மறித்தன. சக்கரம் தெற்கே திரும்பிற்று. அன்று இரவு மலையடிவாரத் தாப்பாவில் ஒரு சத்திரத்தில் படுத்தான், தூங்கவில்லை.

மறுநாள் மலை ஏறினான். ஏன் ஏறினான் என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது. நின்றால் நினைப்பு வந்தது. மிதித்தால் மூச்சு வாங்கியது, நினைப்பு கொஞ்சம் பின்தங்கியது. காட்டுக்குள் வளைந்து வளைந்து போனது பாதை. அருவிகள் சாலைக்கே தெறித்தன. மூங்கில் போய்ப் பாசி மூடிய மரங்கள் வந்தன, குளிர் வந்தது. மதியம் சாய்ந்த பிறகு மேடு முடிந்து, மேகத்துக்குக் கீழே பச்சைச் சமவெளி விரிந்து கிடந்தது. ஒரு வருடம் பேசிப் பேசி வைத்திருந்த இடம். ஒரு கணம் அவன் மனம் குதிக்கத்தான் செய்தது. "அண்ணே, பாருங்க" என்று வாய்விட்டே சொல்லித் திரும்பினான். பின்னால் வெறும் சாலை.

சாலை வேலை செய்யும் தமிழ்க் குடும்பங்களின் தகரக் கொட்டகை ஒன்று பக்கத்தில் இருந்தது. அங்கிருந்த பெண் அவன் நடுங்குவதைப் பார்த்துக் கூப்பிட்டு உட்காரவைத்து, சூடாகத் தே ஓ, பால் சேர்க்காத தேநீர், கொடுத்தாள்.

"தனியாவா வந்தீங்க தம்பி? கூட்டாளி யாரும் இல்லியா?"

"இல்லக்கா. தனியாத்தான்."

"இவ்வளவு தூரம் ஒத்தையா வரலாமா? விழுந்து கெடந்தா தூக்கிவிட ஒரு ஆளு வேணாமா?"

பாக்கியசாமி கோப்பையைக் கீழே வைத்தான். பாதித் தேநீர் அப்படியே இருந்தது. அந்தப் பெண் குளிர் தாங்கவில்லை என்று நினைத்து ஒரு கம்பளியை எடுத்துவந்தாள். அவன் அதை வாங்கவில்லை. அப்போதே சைக்கிளைத் திருப்பினான்.

அடுத்த நாள் காலை கமாலுதீனை வைத்திருந்த போலீஸ் நிலையத்துக்குள் நுழைந்தபோது, சொல்ல வேண்டியதை மலாயில் மனப்பாடம் செய்து வைத்திருந்தான். வாசலருகே பெஞ்சில் கமாலுதீன் உட்கார்ந்திருந்தார். கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது. எதிரே நாற்காலியில், கட்டுப்போட்ட காலை நீட்டி, அந்தக் கிழவி. ஆளை அடையாளம் காட்டுவதற்காக ஆஸ்பத்திரியிலிருந்து அவளை மகன் தூக்கிவந்திருந்தான்.

"இவன் இல்லை, இவன் இல்லை" என்று அவள் உடைந்த மலாயில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். "இவன் தூக்கினான். இடிச்சவனுக்குத் தாடி இல்லை. வெள்ளைத் தொப்பி."

பாக்கியசாமி தொப்பியைக் கழற்றக்கூட இல்லை. வாயைத் திறப்பதற்குள் கிழவியின் விரல் அவன் பக்கம் நீண்டுவிட்டது.

"அவன்தான்."

"நான் சொல்லத்தான் வந்தேன். நானாத்தான் வந்தேன்" என்றான் பாக்கியசாமி. கார்ப்பரல் சிரித்தார். கூட்டாளியைத் தேடி வந்த இடத்தில் மாட்டிக்கொண்டான் என்றுதான் எழுதினார்கள். அதையே கிழவியின் மகனும் நம்பினான், பிறகு தண்டம் விதித்த நீதிபதியும் நம்பினார். மறுத்துப் பேசப் பேசத் தன் குரலே தனக்குப் பொய்யாகக் கேட்டது. மலைக்குப் போய் வந்ததை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது?

அன்று ஜாமீனில் விட்டார்கள். இருவரும் ரயிலேறினார்கள். பிறையில் படகு ஏறிய பிறகுதான் கமாலுதீன் வாயைத் திறந்தார்.

"உன் சக்கரத் தடத்தை நான் பாத்தேன். வளைவுக்கு அந்தப் பக்கம் நின்னிருக்க. பொறகு போயிருக்க."

"ஆமாண்ணே."

"கேட்டாங்க. கூட யாரு வந்தான்னு. நான் சொல்லல. நீயே வந்துருவன்னு நெனச்சேன். அன்னிக்கே வருவன்னு நெனச்சேன்."

பாக்கியசாமி தலையைக் குனிந்துகொண்டான். "என்னைத் திட்டுங்க அண்ணே."

"மேல போனியா?"

பாக்கியசாமி தலையை மட்டும் அசைத்தான்.

"எப்படி இருந்துச்சு?"

"வேணாண்ணே."

"கேக்குறேன்ல, சொல்லு. எனக்கும் ஆசை இருந்துச்சுல்ல."

படகு துறையை நெருங்கும்வரை பாக்கியசாமி சொன்னான். அருவிகளை, பாசி மரங்களை, குளிரை, மேகத்துக்குக் கீழே கிடந்த பச்சையை. கமாலுதீன் வீங்கிய கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அடிவாங்கிய இடம் வலித்திருக்க வேண்டும். அடிக்கடி விலாவைப் பிடித்துக்கொண்டார். சொல்லி முடித்ததும், "நல்லாத்தான் இருந்திருக்கு" என்றார்.

கிழவியின் கால் கூடியது, நேராக அல்ல. பாக்கியசாமி மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை ரயிலேறிப் போய் அவளைப் பார்த்துவந்தான். கொண்டுபோன பிஸ்கட் டின்னை அவள் வாங்கிக்கொள்வாள். ஒருநாளும் உள்ளே வா என்று சொன்னதில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை.

சூலியா தெருக் கடைக்கும் போவதை விடவில்லை. கமாலுதீன் முன்போலவே பேசுவார், செயினுக்கு எண்ணெய் போட்டுத் தருவார். மறுவருடம் அதே விடுமுறையில் கடை பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு வாசலில் நின்ற ஹபீபா பீவி, அவன் முகத்தைப் பார்க்காமல், "மலைக்குப் போயிருக்காங்க" என்றாள்.

"யார் கூட?"

"ஒத்தையா."