தாடையில் ஒரு விரல்

...இல்லை, இதிலும் இல்லை, இன்னும் பின்னால் போனால் இருக்கும், மெழுகுவத்தியை ஊதும்போது நேராகத்தானே பார்த்தது பிள்ளை... அம்மாக்காரி கைப்பேசியைத் தள்ளிக்கொண்டே போகிறாள். "பழைய போட்டோ ரெண்டு காட்டுங்கம்மா, மச்சம் முன்னைக்கு இப்போ எவ்வளவு அடர்ந்திருக்குன்னு பார்த்துட்டு லேசர் வைக்கலாம்" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா உள்ளே போய்க் கால்மணி ஆகிறது. ரெண்டென்ன, இருநூறு காட்டலாமே. பக்கத்து நாற்காலியில் ஆறு வயது மகள், வீட்டில் கூப்பிடுவது பட்டாணி, காலாட்டிக்கொண்டிருக்கிறது. இடது கன்னத்தில் கண்ணோரத்திலிருந்து வாயோரம்வரை, பிறக்கும்போதே படர்ந்த சிவப்பு. கண்ணாடித் துண்டால் டாக்டரம்மா அழுத்தினார், வெளுத்தது, எடுத்ததும் ரத்தம் ஓடிவந்து உட்கார்ந்துகொண்டது, தோலுக்கடியில் விரிந்துபோன மெல்லிய ரத்தக்குழாய்களாம், அவற்றை மட்டும் தேடிச் சுடுமாம் அந்த ஒளி, ரப்பர் பேண்டைச் சுண்டின மாதிரி இருக்குமாம், பத்து நாள் கறுத்துக் கிடக்குமாம், முழுக்கப் போகும் என்று உறுதி சொல்லமாட்டாராம்... போகாவிட்டால்? எப்போதும்போல இருந்துவிட்டுப் போகட்டும். எப்போதும் எப்படி இருந்தது? இத்தனை நாள் அதைப் பார்த்திருக்கிறேனா நான்?

"என்னம்மா தேடுற?" "உன் போட்டோதாண்டா." "குடு, நான் கண்டுபிடிக்கிறேன். நீ கையில சாவிய வச்சுக்கிட்டே வீடெல்லாம் தேடுவ." கொடுக்காமல் தள்ளிக்கொண்டே போகிறாள். கடற்கரை, பள்ளிக்கூடத்து முதல் நாள், அப்பா தோளில் உட்கார்ந்தது, எல்லாவற்றிலும் வலது கன்னம், வெள்ளை வெளேரென்று வலது கன்னம் மட்டும்... அந்தப் பக்கம் திருப்பிக்கோ என்று ஒருநாள் சொல்லியிருப்பேனா, பிள்ளை மனசு நோக ஒரு வார்த்தை... கோபித்துக்கொள்ளாதீர்கள், அவள் வாயால் சொன்னதே இல்லை. அப்போதுதான் கண்ணில் படுகிறது, படத்தின் ஓரத்தில், தாடைக்குக் கீழே மங்கலாக ஏதோ. பெரிதாக்குகிறாள். விரல். நகத்தைக் கடித்துக் கடித்துக் குட்டையான விரல், யாருடையது என்று கேட்க வேண்டியதில்லை, இப்போது திரையைத் தள்ளிக்கொண்டிருக்கிற இதே விரல். அடுத்த படத்திலும். அதற்கு முந்தினதிலும். பிள்ளைக்குப் பல் முளைக்கிறது, முடி வளர்கிறது, விரல் மட்டும் அதே இடத்தில்.

"கெடைச்சுதாங்க போட்டோ?" கேமராவோடு வந்து நிற்கிறாள் நர்ஸ். "ஒண்ணுகூட... இல்லைங்க." "சரி விடுங்க, இன்னைக்கு எடுக்கிறதுதான் முதல் படம். பாப்பா, இந்தச் செவுத்துகிட்ட வந்து நில்லும்மா." நின்றது. கேமராவைப் பார்த்ததும் வலது கன்னத்தை முன்னால் கொடுத்து, பல் தெரியச் சிரித்தது. "இந்தப் பக்கம் இல்ல கண்ணு, அந்தப் பக்கம்." பிள்ளை நர்ஸைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தது. அட, இவ்வளவுதானே, நானே திருப்பிவிட்டால் போயிற்று, இனிமேல் எல்லாப் படமும் நேராக எடுப்பேன், இதோ இப்போதிருந்தே... எழுந்து போய்த் தாடையில் மெல்ல விரலை வைத்தாள். விரல் பட்டதுதான் தாமதம், பட்டாணி, சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை, சிவப்பு துளிகூடத் தெரியாதபடிக்கு இன்னும் நன்றாகச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது. "இப்போ சரியாம்மா?" விரலை எடுக்கவா, வைத்திருக்கவா, அந்த விரலுக்கு வேறு எந்தத் திசை தெரியும்...