பெயருக்கு முன்னால் ஒன்றும் வராது

வெள்ளைக்காரனுக்கு வேறு வேலை இல்லை என்பது நேசமலரின் முடிவு. மாடு என்றால் மாடு. அதற்கு முன்னால் ஒரு 'எ'யோ 'த'வோ கட்டாவிட்டால் அவனுடைய ஊரில் மாடு நடக்காதாம். கிளிநொச்சிச் சந்தைக்குப் பக்கத்தில், மருந்துக்கடையின் மேல்மாடியில், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வாங்கில் உட்கார்ந்து, நாற்பது தாண்டிய வயதில் இந்த இங்கிலீஷையெல்லாம் படிக்க வேண்டுமென்று அவள் தலையில் எழுதியிருந்தது.

படிக்காமல் விடவும் வழியில்லை. புருஷன் லண்டனில். அகதியாகப் போய், வழக்கு வழக்கென்று அலைந்து, இப்போதுதான் அவருக்கு அங்கே நிரந்தரமாக இருக்க அனுமதி கிடைத்திருந்தது. அவளைக் கூப்பிடுவதென்றால் அவள் கொழும்பில் ஓர் இங்கிலீஷ் பேச்சுச் சோதனை பாஸ் பண்ண வேண்டும். பாஸ் பண்ணினால் விசா, இல்லாவிட்டால் பழையபடி போனுக்குள் முகம் பார்க்கும் குடித்தனம்.

"மற்றதெல்லாம் ஓரளவு வருது அக்கா. இந்த எ, ஆன், த மூண்டும்தான் சறுக்குது" என்றாள் ராஜினி டீச்சர். வயதில் இளையவள், கெட்டிக்காரி. "ஒரு மாட்டைப் பற்றி முதல்தரம் கதைச்சா எ கௌ. அதே மாட்டைப் பற்றித் திரும்பக் கதைச்சா த கௌ."

நேசமலர் யோசித்தாள். "அப்பிடியெண்டா டீச்சர், முதல் நாள் வயலுக்கை பூந்தா அது ஆற்றையோ ஒரு மாடு. அடுத்த நாளும் வந்தா அந்தக் கண்டறியாத மாடு. அதுக்குத்தானே த?"

ராஜினி மேசையில் தட்டிச் சிரித்தாள். "அதேதான் அக்கா! இனி உங்களை ஒருத்தரும் அசைக்கேலாது."

அன்றிலிருந்து நேசமலருக்குப் பைத்தியம்தான். வாய்க்கால் கரையில் நடந்தால் எ டக், த டக். குசினிக்குள் போனால் எ ஸ்பூன், ஆன் ஆனியன். பக்கத்து வளவு மீனம்மா எட்டிப் பார்த்து, "என்னங்க, தனியாப் பேசிக்கிட்டு இருக்கீங்க?" என்று கவலைப்பட்டாள்.

கடைசி வகுப்பில் ராஜினி சொன்னாள், "பேருக்கு முன்னால ஒண்டும் வராது. எயும் இல்லை, தவும் இல்லை. ஊர்ப்பேர், ஆக்களின்ரை பேர் எல்லாம் வெறுமனே சொல்லுறதுதான். இது சின்னப்பிள்ளைக்கும் தெரியும்." தெரிந்ததை எதற்குப் பழக்குவது என்று அதைத் தாண்டிப் போய்விட்டாள். பழக்கியிருக்க வேண்டும். ஆனால் அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் தன் புருஷனைப் போனில், "டேய் சுமன், வரேக்கை பாண் வாங்கிக்கொண்டு வா" என்று அதட்டுகிற ஆள். அதைக் கேட்கும்போதெல்லாம் நேசமலர் கூச்சத்தில் தலையைக் குனிந்துகொள்வாள்.

நேசமலரின் புருஷன் பெயர் ராஜரத்தினம். நாம் சொல்லிவிட்டோம், நமக்கென்ன? அவள் சொல்ல மாட்டாள். கூப்பிடுவதென்றால் "இஞ்சாருங்கோ", ஊருக்குச் சொல்வதென்றால் "அவர்". பதிவுக்கு வரும் ஊர் விதானையார் கேட்டால் கலியாணப் பதிவுப் பத்திரத்தை நீட்டுவாள். வகுப்பில் "மை ஹஸ்பண்ட்" என்று சொல்லித் தப்பிவிட்டாள்.

தாயும் மாமியும் அப்படித்தான் இருந்தார்கள். ஆனால் வழக்கம் மட்டும் அவள் வாயைக் கட்டவில்லை. ஒரே ஒரு தரம் அவள் அந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறாள். சண்டை முடிந்த நாட்களில், சனத்தோடு சனமாக ஆமியின் பதிவு வரிசையில் நின்றபோது, ஷெல் சத்தத்தில் அவருக்குக் காது அடைத்திருந்தது. சீருடைக்காரன் பெயரைக் கேட்டான், அவருக்கு விளங்கவில்லை. அவன் கத்தினான். அடித்துவிடுவானோ என்ற பயத்தில் அவள் முந்திக்கொண்டு சொன்னாள். உடனே அவரை வரிசையிலிருந்து இழுத்து வேறொரு பஸ்ஸில் ஏற்றினார்கள். இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமலே ஆண்டுகள் போயின. திரும்பி வந்தவர் இங்கே இருக்கப் பயந்து வெளிநாடு போய்விட்டார். சொல்லப் போய்த்தானே என்று அவள் நெஞ்சு அன்றிலிருந்து அரித்துக்கொண்டே இருந்தது.

கொழும்பில் சோதனை நடத்திய பெண் நல்ல மாதிரி. சிரித்த முகம். நேசமலரும் விடவில்லை. "ஐ லிவ் இன் எ வில்லேஜ். த வில்லேஜ் இஸ் நியர் கிளிநொச்சி. ஐ ஹாவ் எ கௌ. த கௌ இஸ் பேட்." எல்லாம் அதனதன் இடத்தில் வந்து விழுந்தன. அந்தப் பெண் சத்தமாகச் சிரித்தே விட்டாள்.

"உங்கள் கணவரின் பெயர் என்ன?" என்று அடுத்து இங்கிலீஷில் கேட்டாள்.

நேசமலருக்குக் கேள்வி நன்றாக விளங்கியது. அதுதான் கொடுமை. "மை ஹஸ்பண்ட் இஸ்…" என்று தொடங்கினாள். முன்னால் ஒன்றும் போடத் தேவையில்லை, வெறும் பெயர். கலியாணப் பதிவுப் பத்திரம் வைத்திருந்த கைப்பையைத் தேடினாள். அதைத்தான் வாசலில் வாங்கி வைத்துவிட்டார்களே. அந்தப் பெண் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, இரண்டாம் தரமும் கேட்டாள். அன்றைக்கு வரிசையில் நின்றது போலவே, அந்தப் பக்கம் ஒருவர் பெயர் கேட்கிறார், இந்தப் பக்கம் அவள். அதற்குப் பிறகு கேட்ட எதற்கும், மாட்டுக்கும் வீட்டுக்கும்கூட, அவள் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

வெளியே வந்து பஸ் தரிப்பிடத்தில் நின்றபோது போன் அடித்தது. திரையில் அவர் முகம்.

"எப்பிடி? பாஸ்தானே?"

"இல்லை."

"ஏன்? என்ன கேட்டவள்?"

"உங்கடை பேரை."

ஏசுவார் என்று நினைத்தாள். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மலர், அண்டைக்கு நீ சொல்லாட்டிலும் அவங்கள் என்னைக் கொண்டுதான் போயிருப்பாங்கள்."

"ஓம். தெரியும்."

"தெரியுமெண்டா இப்ப ஒருக்காச் சொல்லு. நான் இஞ்சைதானே நிக்கிறன். இனி ஆர் என்னைக் கொண்டு போறது? சொல்லு பாப்பம்."

அவள் திரையை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தாள். வாயைத் திறந்தாள். பஸ்கள் இரைந்துகொண்டு போயின. அவர் காத்திருந்தார்.

"சாப்பிட்டீங்களோ?" என்று கேட்டாள்.